பல்லுக்குத் தலையே பிடிமானம்

தர்மபுரி மாவட்டத்தில் பல் என்றதும் முதலில் எழும் பேச்சு நிறத்தைப் பற்றியது. பென்னாகரம், பாலக்கோடு, காரிமங்கலம் பக்கத்துக் கிராமங்களில் நடுவயதைத் தாண்டியவர்கள் பலருக்கு முன்பற்களில் பழுப்புக் கறை இருக்கும். போர் தண்ணீரில் உள்ள ஃபுளோரைடு செய்த வேலை அது. தலைமுறை தலைமுறையாகக் கறையைப் பார்த்தே பழகிவிட்டதால், பல் எந்த இடத்தில் நிற்கிறது என்பது பலர் கண்ணில் படுவதில்லை. "பல்லு மஞ்சளா இருக்குதே, என்ன பண்றது?" என்று பிள்ளைக்காகக் கவலைப்படும் பெற்றோர், அதே பல் உதட்டுக்கு வெளியே துருத்திக்கொண்டு நிற்பதைப் பிறவி வாகு என்று விட்டுவிடுகிறார்கள். நிறத்தை 18 வயதிலும் சரிசெய்துகொள்ளலாம், 25 வயதிலும் சரிசெய்துகொள்ளலாம். தாடை எலும்பு வளர்கிற போக்கை மாற்றிவிடக் கிடைக்கும் வாய்ப்பு அப்படிக் காத்திருக்காது. அந்தச் சில ஆண்டுகளுக்குள் பயன்படும் கருவிகளில் பழமையான ஒன்று ஹெட்கியர். பார்த்த மாத்திரத்தில் பிள்ளைகளும் பெற்றோரும் மிரள்வதும் அதைக் கண்டுதான்.

மேல்தாடையில் ஆறு வயதில் முளைக்கிற முதல் பெரிய கடைவாய்ப் பல்லிலிருந்து அந்தக் கருவி தொடங்குகிறது. பால்பல் விழுந்து அதன் இடத்தில் வருவதல்ல இந்தப் பல். கடைசிப் பால்பல்லுக்குப் பின்னால் தனியாக முளைப்பது. அதைச் சுற்றித் துருப்பிடிக்காத எஃகு வளையம் ஒன்றைச் சிமெண்ட் வைத்துப் பொருத்துவார்கள். வளையத்தின் கன்னப் பக்கத்தில் சின்னக் குழாய் ஒன்று இருக்கும். ஹெட்கியரின் உள்வில் என்பது ஒரு மில்லிமீட்டரைவிடச் சற்றே தடித்த கம்பி. அதன் இரு முனைகளும் இடப்பக்கக் குழாயிலும் வலப்பக்கக் குழாயிலும் நுழையும். முன்பற்களுக்கு எதிரே, உள்வில்லின் நடுப்பகுதியில், இன்னும் தடித்த வெளிவில் இணைந்திருக்கும். அது உதடுகளுக்கு இடையே வெளியே வந்து, கன்னத்தில் உரசாமல் இரு பக்கமும் பின்னோக்கி வளைந்து, கொக்கியில் முடியும். பின்கழுத்தில் சுற்றிய பட்டையிலோ தலையில் போட்ட தொப்பிப் பட்டையிலோ உள்ள சுருள்வில்லை அந்தக் கொக்கியில் மாட்ட வேண்டும். மருத்துவர் விசைமானியைப் பிடித்து எத்தனை கிராம் இழுக்கிறது என்று இரு பக்கமும் அளந்து பார்ப்பார். அவ்வளவுதான் கருவி. வாய்க்குள் இருக்கும் பாகத்தை ஒரு வாரத்தில் நாக்கு மறந்துவிடும். வெளியே தெரியும் பாகம்தான் பிள்ளைக்கும் வீட்டாருக்கும் மனச்சுமை.

"கிளிப் போட்டா போதாதா டாக்டர், தலையில எதுக்குப் பட்டை?" என்பது நியாயமான கேள்வி. அதற்கான பதிலை நியூட்டன் 1687-இலேயே தன் மூன்றாம் விதியில் சொல்லிவிட்டார். ஒன்றை நாம் இழுத்தால், அதுவும் அதே அளவு விசையோடு நம்மை இழுக்கும். முன்பற்களைப் பின்னுக்குக் கொண்டுவரக் கடைவாய்ப் பற்களைப் பிடிமானமாக வைத்து இழுத்தால், கடைவாய்ப் பற்களும் சும்மா நிற்காமல் முன்னோக்கி நகரத் தொடங்கும். நெரிசலாக இருக்கும் வாயில் இடம் வேண்டும் என்று முன்கடைவாய்ப் பல் ஒன்றை எடுத்தால் சுமார் 7 மில்லிமீட்டர் இடம் கிடைக்கிறது. கவனிக்காமல் விட்டால் அதில் கணிசமான பங்கைப் பின்பற்கள் முன்னே வந்து பிடித்துக்கொள்ளும்; துருத்திய முன்பல்லுக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். சேற்றில் சிக்கிய டிராக்டரை, அதே சேற்றில் நிற்கும் இன்னொரு டிராக்டரில் கயிறு கட்டி இழுத்தால் இரண்டும் வழுக்கும். கரையில் நிற்கும் புளியமரத்தில் கட்டி இழுத்தால் மரம் அசையாது, வண்டி மேலேறும். வாய்க்குள் உள்ள பற்கள் எல்லாமே சேற்றில் நிற்பவை. மண்டையோடும் பின்கழுத்தும்தான் கரையில் நிற்கும் மரம். பல்லை இழுக்க வாய்க்கு வெளியே போகும் காரணம் இதுதான்.

பல் எலும்பில் ஆணியடித்தது போல இறுகிப் பதிந்திருக்கிறது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். உண்மையில் வேருக்கும் எலும்புக்கும் நடுவே கால் மில்லிமீட்டர் அகலத்தில் நார்த்திசு ஒன்று இருக்கிறது. பல்லை ஒரு பக்கமாக மெல்லத் தொடர்ந்து அழுத்தினால், அழுந்தும் பக்கத்தில் எலும்பைக் கரைக்கும் செல்கள் வேலைக்கு வரும்; இழுபடும் பக்கத்தில் எலும்பு கட்டும் செல்கள் வரும். ஒரு சுவர் கரைய, எதிர்ச்சுவர் வளர, பல் தன் குழியோடு சேர்ந்து இடம்பெயரும். வேகம் சராசரியாக மாதத்துக்கு ஒரு மில்லிமீட்டர். அதிகமாக அழுத்தினால் வேகம் கூடும் என்று நினைப்பது தவறு. நார்த்திசுவின் ரத்த ஓட்டம் நின்றுபோய், அந்த இடம் செத்து, பல் நகர்வதற்குப் பதிலாக வலிதான் மிஞ்சும். விசையைவிட நேரம் முக்கியம். நாளுக்குச் சுமார் ஆறு மணி நேரமாவது விசை தொடர்ந்து இருந்தால்தான் அந்தச் செல்கள் விழித்து வேலையைத் தொடங்கும். காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம் என்று துண்டு துண்டாக மாட்டினால் பலன் கிடைக்காது.

இதுவரை சொன்னது பல்லைப் பற்றி. ஹெட்கியரின் பெரிய வேலை எலும்பில் நடக்கிறது. மேல்தாடை தனி எலும்பு அல்ல. நெற்றி எலும்பு, கன்ன எலும்பு, பின்னால் உள்ள எலும்புகள் ஆகியவற்றோடு தையல் மூட்டுகளால் சேர்ந்திருக்கிறது. வளரும் வயதில் அந்தத் தையல்களில் புது எலும்பு படியப் படிய, மேல்தாடை முன்னும் கீழுமாக நகர்கிறது. எத்துப்பல் உள்ள பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்கு மேல்தாடை முன்னே போனது கூடுதல்; இன்னும் பலருக்குக் கீழ்த்தாடை பின்தங்கியதுதான் காரணம். ஹெட்கியர் ஒரு பக்கத்துக்கு 350 முதல் 450 கிராம் வரை பின்னோக்கி இழுக்கும்போது, கடைவாய்ப் பல் வழியாக அந்த விசை தையல்களுக்குப் போய்ச் சேருகிறது. அங்கே எலும்பு படிவது மந்தமாகிறது. மேல்தாடையைப் பிடித்துப் பின்னால் தள்ளுகிறது என்று சொல்வது மிகை. அது முன்னே போகும் வேகத்தைக் குறைக்கிறது. அதற்குள் கீழ்த்தாடை தன் இயல்பான வளர்ச்சியில் முன்னே வந்து இடைவெளியைக் குறைத்துக்கொள்கிறது. வளர்ச்சி நின்ற பிறகு இதே கருவியை மாட்டினால் தாடையில் ஒரு மாற்றமும் வராது, பல் மட்டும்தான் அசையும். ஆகவே பெண்பிள்ளைகளுக்குப் பூப்பெய்துவதையொட்டி வரும் வளர்ச்சி வேகத்துக்கு முன்பும், ஆண்பிள்ளைகளுக்கு அதற்கு ஓரிரு ஆண்டு கழித்தும்தான் இதற்குச் சரியான பருவம்.

மாலையில் மாட்டி, காலையில் கழற்றச் சொல்வதற்கும் காரணம் இருக்கிறது. வளர்ச்சி ஹார்மோன் அதிகமாகச் சுரப்பது இரவுத் தூக்கத்தில். 12 முதல் 14 மணி நேரம் என்ற கணக்கை மாலை ஆறரை மணிக்குத் தொடங்கினால், காலையில் பள்ளிக்குக் கிளம்பும் நேரத்துக்குள் முடித்துவிடலாம். பள்ளிக்கு அணிந்து போக வேண்டியதே இல்லை என்பதைப் பெற்றோர் பலர் அறியாமலே "அதைப் போட்டுக்கிட்டு எப்படிப் பள்ளிக்கூடம் போவான்?" என்று சிகிச்சையை மறுத்துவிடுகிறார்கள்.

எந்தப் பக்கமாக இழுப்பது என்பதில்தான் மருத்துவரின் கைத்திறன் தெரியும். பின்கழுத்துப் பட்டையிலிருந்து இழுத்தால் விசை பின்னும் கீழுமாகப் போகும். கடைவாய்ப் பல் பின்னே நகர்வதோடு சற்றுக் கீழேயும் இறங்கும். அது இறங்கினால் வாய் மூடும்போது கீழ்த்தாடை கீழ்நோக்கிச் சுழன்று முகம் நீளமாகும். குட்டை முகமும், மேல் முன்பல் கீழ்ப் பல்லை முழுதாக மூடும் கடியும் உள்ள பிள்ளைக்கு இது நல்லது. ஏற்கனவே நீண்ட முகம், உதடு மூடாத வாய் உள்ள பிள்ளைக்கு இதையே போட்டால் நிலைமை மோசமாகும். அப்படிப்பட்டவருக்குத் தலையின் பின்மேல் பகுதியிலிருந்து இழுக்க வேண்டும். அப்போது கடைவாய்ப் பல் பின்னும் மேலுமாகத் தள்ளப்படும், முகம் நீளாது. இன்னொரு நுட்பம் வெளிவில்லின் நீளத்தில் இருக்கிறது. கடைவாய்ப் பல்லுக்கு வேர்கள் பிரிகிற இடத்தின் அருகே தடை மையம் ஒன்று உண்டு. விசைக்கோடு அந்தப் புள்ளி வழியாகப் போனால் பல் சாயாமல் முழுதாக நகரும். அதற்குக் கீழே போனால் தலைப்பகுதி பின்னே சாயும். மேலே போனால் வேர் பின்னே போகும். வெளிவில்லை ஒரு சென்டிமீட்டர் நீட்டுவதும் குறைப்பதும், கொஞ்சம் மேலே வளைப்பதும் கீழே வளைப்பதும் இதற்காகத்தான். கருவி எளிது. அதைச் செலுத்தும் கணக்கு எளிதல்ல. முறையாகப் பல்சீரமைப்பு படித்த மருத்துவரிடம் மட்டுமே இதைச் செய்துகொள்ள வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

இதன் கதை நீளமானது. நியூயார்க்கின் நார்மன் கிங்ஸ்லி, பல் மருத்துவரும் சிற்பியுமானவர், துருத்திய பற்களைத் தலையிலிருந்து இழுத்துச் சரிசெய்வதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியிலேயே செய்துகாட்டி, 1880-இல் வந்த தன் நூலிலும் எழுதினார். பல்சீரமைப்பின் தந்தை எனப்படும் எட்வர்ட் ஆங்கிளும் தொடக்கத்தில் இதைப் பயன்படுத்தினார். மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் இடையே ரப்பர் வளையம் மாட்டினாலே அதே பலன் கிடைக்கும் என்ற நம்பிக்கை பரவியதும், ஹெட்கியர் தேவையற்ற தொல்லை என்று ஒதுக்கப்பட்டது. கிளீவ்லாந்தில் பிராட்பென்ட் 1931-இல் தலையை ஒரே நிலையில் நிறுத்தி எக்ஸ்ரே எடுக்கும் முறையைக் கொண்டுவந்த பிறகுதான், எலும்பு நகர்ந்ததா, பல் மட்டும் நகர்ந்ததா என்று அளக்க முடிந்தது. அளந்து பார்த்தபோது ரப்பர் வளையம் நம்பிய அளவுக்குத் தாடையை மாற்றவில்லை என்று தெரிந்தது. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து ஆப்பிள்டன் என்ற ஊரைச் சேர்ந்த சைலஸ் குளோன், கழுத்துப்பட்டையால் வளரும் பிள்ளைகளுக்குச் செய்த சிகிச்சையின் பலனை 1947-இல் வெளியிட்டார். அதன் பிறகு முப்பது நாற்பது ஆண்டுகள் ஹெட்கியர் மேலை நாடுகளில் பரவலாக இருந்தது.

பிறகு வந்த சோதனைகள் அதன் எல்லையையும் காட்டின. வட கரோலினா பல்கலைக்கழகத்தில் டல்லாக், ப்ரோஃபிட் குழுவினர் சிறு வயதிலேயே ஹெட்கியர் போட்டவர்களையும், அப்போது எதுவும் செய்யாமல் பதின்பருவத்தில் கிளிப் போட்டவர்களையும் ஒப்பிட்டார்கள். சின்ன வயதில் கிடைத்த தாடை முன்னேற்றம் உண்மைதான். ஆனால் எல்லாச் சிகிச்சையும் முடிந்த பிறகு இரு குழுவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பத்ரி திருவேங்கடாச்சாரி தலைமையில் 2013-இல் வெளிவந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பும் இதையே சொல்கிறது. அதோடு இன்னொன்றையும் சொல்கிறது: சின்ன வயதில் சிகிச்சை பெற்றவர்களுக்கு முன்பல் அடிபட்டு உடைவது குறைகிறது. இதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. துருத்திய முன்பல்தான் கீழே விழும்போது முதலில் தரையைத் தொடும். கிராமத்துப் பள்ளி மைதானத்தில் கபடி ஆடும் பிள்ளைக்கு உடைந்த நிரந்தரப் பல் மறுபடி முளைக்காது. மொத்தத்தில் எல்லா எத்துப்பல்லுக்கும் எட்டு வயதில் ஹெட்கியர் என்று ஓட வேண்டாம். அடிபடும் அளவுக்குப் பல் வெளியே நிற்கும் பிள்ளைக்கு முன்கூட்டியும், மற்றவர்களுக்கு வளர்ச்சி வேகம் எடுக்கும் பருவத்திலும் என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

தர்மபுரியில் இதில் இன்னொரு சிக்கல் சேர்கிறது. இந்த மாவட்டத்தின் சார்னோக்கைட், நைஸ் பாறைகளில் உள்ள தாதுக்களிலிருந்து ஃபுளோரைடு நிலத்தடி நீரில் கரைகிறது. லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு வழியில்லை என்றால் 1.5 வரை என்பது இந்தியத் தர நிர்ணயம். இங்குள்ள பல ஆழ்துளைக் கிணறுகள் அதைத் தாண்டியவை. ஃபுளோரைடு எலும்பையும் முடக்கும் என்பது நம் பகுதிக்குப் புதிதல்ல. அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூரில் அதை 1937-இலேயே ஷார்ட் குழுவினர் பதிவுசெய்தார்கள். பல் எனாமல் உருவாகும் காலத்தில் ஃபுளோரைடு மிகுந்தால், எனாமலின் உட்பகுதி தாது குறைந்து நுண்துளைகளோடும், மேற்புறம் அமிலத்துக்கு எளிதில் அசையாத கடினத்தோடும் அமைகிறது. கிளிப் ஒட்டுவதற்கு முதலில் 37 சதவீதப் பாஸ்பாரிக் அமிலத்தை அரை நிமிடம் வரை பல்லில் தடவிச் சொரசொரப்பாக்குவார்கள். அந்த நுண்பள்ளங்களில்தான் பசை பிடிக்கும். கறைபட்ட பல்லில் அந்தச் சொரசொரப்பு சரியாக வராது. ஒட்டிய கிளிப் அடிக்கடி கழன்று விழும். அமிலத்தைக் கூடுதல் நேரம் விடுவது, மேற்புறத்தை மெல்லச் சுரண்டுவது என்று மருத்துவர்கள் வழி வைத்திருக்கிறார்கள். ஹெட்கியர் மாட்டும் கடைவாய்ப் பல்லுக்கோ பழைய முறையான எஃகு வளையம். அது பல்லைச் சுற்றிப் பிடிப்பதால் எனாமலின் சொரசொரப்பை நம்பி இருப்பதில்லை. ஃபுளோரைடு பூமியில் இந்தப் பழைய வளையத்துக்கு நான் அதிக மதிப்பு தருகிறேன்.

அந்தக் கடைவாய்ப் பல்லின் எனாமல் உருவாவது பிறந்ததிலிருந்து மூன்று வயதுக்குள். அந்த மூன்று ஆண்டுகளில் குழந்தை குடித்த தண்ணீர் எதுவோ, அதுவே அந்தப் பல்லின் தரம். ஜப்பான் நிதியுதவியோடு சுமார் 1928 கோடி ரூபாய்ச் செலவில் கட்டப்பட்ட ஒகேனக்கல் குடிநீர் மற்றும் ஃபுளோரோசிஸ் தணிப்புத் திட்டம் 2013-இல் திறக்கப்பட்டது. இன்று ஹெட்கியர் வயதில் இருக்கும் தர்மபுரிப் பிள்ளைகள் அந்தத் திட்டம் வந்த பிறகு பிறந்தவர்கள். வீட்டில் காவிரித் தண்ணீரையே குடித்து வளர்ந்தவர்களுக்குக் கறை குறைவாக இருக்கும். குழாயில் வராத நாளில் போர் தண்ணீரைக் குடித்தவர்களுக்கு அந்த நாட்களின் கணக்கு பல்லில் பதிந்திருக்கும். ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்ல வேண்டும்: ஃபுளோரைடால் பல் எத்துவதில்லை. கறை வேறு, எத்து வேறு. கறை இருக்கிறது என்பதற்காக எத்துப்பல்லுக்குச் சிகிச்சை செய்யாமல் விட வேண்டியதில்லை.

ஹெட்கியரில் எதிர்த்திசையில் இழுக்கும் வகையும் உண்டு. மேல்தாடை பின்தங்கி, கீழ்ப்பற்கள் மேற்பற்களுக்கு முன்னால் கடிக்கும் பிள்ளைகளுக்கு, நெற்றியிலும் மோவாயிலும் சாய்ந்து நிற்கும் முகக்கவசச் சட்டம் ஒன்று போட்டு, ரப்பர் வளையங்களால் மேல்தாடையை முன்னோக்கி இழுப்பார்கள். பிரான்சின் ழான் டெலேர் இதைப் பிரபலப்படுத்தினார். இதற்கு வயது இன்னும் குறைவு. பத்து வயதுக்குள் தொடங்கினால்தான் தையல்கள் இசைந்து கொடுக்கும்.

ஆபத்தையும் சொல்லியாக வேண்டும். விளையாட்டில் யாராவது வெளிவில்லைப் பிடித்து இழுத்துவிட்டால், சுருள்வில்லின் விசையில் அது திரும்பி வந்து முகத்தில் அடிக்கும். உள்வில்லின் முனை கண்ணைக் குத்தி, வாயிலிருந்த கிருமிகள் கண்ணுக்குள் போய், பார்வை போன சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. தூக்கத்தில் கழன்று குத்தியதும் உண்டு. இப்போதைய பட்டைகள் அளவுக்கு மீறி இழுத்தால் தாமாகக் கழன்றுகொள்ளும். உள்வில் குழாயிலிருந்து நழுவாமல் பூட்டும் வகைகளும் இருக்கின்றன. மாட்டும் முன் இவை இருக்கின்றனவா என்று பெற்றோர் கேட்டே ஆக வேண்டும். கழற்றும்போது முதலில் பட்டையின் கொக்கியை எடுக்க வேண்டும், பிறகுதான் வில்லை வாயிலிருந்து எடுக்க வேண்டும். இந்த வரிசையை மாற்றக் கூடாது. அணிந்துகொண்டு ஓடியாடக் கூடாது. காலையில் எழும்போது கழன்று கிடந்தால் அன்றே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

இன்று நகரத்துக் கிளினிக்குகளில் ஹெட்கியரைப் பார்ப்பது அரிது. ஜப்பானின் கனோமி 1997-இல் விவரித்த சின்ன டைட்டானியத் திருகுகள் பிடிமானச் சிக்கலை வேறு வழியில் தீர்த்துவிட்டன. ஒன்றரை மில்லிமீட்டர் அளவிலான திருகை மரத்துப்போகும் ஊசி போட்டு எலும்பிலேயே பதித்து, அதிலிருந்து பல்லை இழுக்கிறார்கள். வெளியே எதுவும் தெரியாது. பிள்ளை மாட்டினானா இல்லையா என்ற கவலையும் இல்லை. பெரியவர்களுக்குத் திருகு மேலானது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் வளரும் தாடையின் தையல்களில் விசையைச் செலுத்த வேண்டிய பிள்ளைக்கு, அறுவை இல்லாத, கழற்றி மாட்டக்கூடிய ஹெட்கியருக்கு இன்னும் இடம் இருக்கிறது. கீழ்த்தாடை பின்தங்கியவர்களுக்கு, கீழ்த்தாடையை முன்னே வைத்துக் கடிக்கச் செய்யும் ட்வின் பிளாக் போன்ற கருவிகள் பொருந்தும். எது யாருக்கு என்று எக்ஸ்ரேயும் வளர்ச்சிக் கட்டமும் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

உங்கள் பிள்ளைக்கு ஏழு வயது ஆகிவிட்டது என்றால், பல் வலிக்காவிட்டாலும் ஒருமுறை பல் மருத்துவரிடம் காட்டுங்கள். தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பல் பிரிவிலோ அருகிலுள்ள பல் மருத்துவக் கல்லூரியிலோ பக்கவாட்டில் நிற்கவைத்து முகத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். உதடு தானாக மூடுகிறதா, மேல்பல் கீழ்ப்பல்லுக்கு எத்தனை மில்லிமீட்டர் வெளியே இருக்கிறது, காரணம் மேல்தாடையா கீழ்த்தாடையா என்று கேளுங்கள். கறையைப் பற்றிய கேள்வியை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.